புதுப் பெயர் போட்ட சட்டை

மின்விசிறிக் கம்பெனிக்குப் பெயர் மாறிய அன்று செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் ஒரே குஷி. பழைய பெயர் கிழடு தட்டிவிட்டதாம், புதுப் பெயர்தான் கடையில் எடுபடுமாம். அதற்காக ஆளுக்கொரு நீலச் சட்டை, புது அடையாள அட்டை. படிவத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

எந்தக் காகிதம் வந்தாலும் அந்தப் பிரிவில் முதல் கையெழுத்து பெரியக்காவுடையது. அவள் படித்துவிட்டுப் போட்டால் மற்ற முப்பது பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

அன்று பெரியக்காவின் மருமகள் மட்டும் தயங்கினாள். அவளும் அங்கேதான் காயில் சுற்றுகிறாள். எட்டு வருஷம் காத்திருந்து தங்கிய பிள்ளை, இப்போது ஏழாம் மாதம். அடுத்த வாரத்திலிருந்து படுக்கையை விட்டு எழவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரசவ விடுப்புக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று.

"அத்தை, நாலு பக்கம் இருக்கே. நிதானமாப் படிச்சுட்டுப் போடலாமே?"

"நான் படிச்சாச்சுடி. ஒரு சட்டை வாங்க இவ்வளவு ஆராய்ச்சியா? போடு சீக்கிரம், பெரிய சைஸ் தீர்ந்துடப் போகுது."

எங்கே படித்தாள்? கண்ணாடி வீட்டில் கிடந்தது. அதை வெளியே சொன்னால் பெரியக்காவின் கெத்து என்னாவது! மருமகளும் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் அட்டை வந்தது. சேர்ந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதி. எல்லாருக்கும் அதேதான். பெரியக்கா ஆபீசுக்கு ஓடினாள்.

"பேர் மட்டும் இல்லம்மா, கம்பெனியே புதுசு" என்றார் அதிகாரி, சிரித்த முகம் மாறாமல். "பழசுலேர்ந்து நீங்க எல்லாரும் ராஜினாமா பண்ணிட்டீங்க. மூணாம் பக்கத்துல தெளிவா இருக்கே."

"என் மருமகளோட லீவு?"

"புதுசா சேர்ந்தவங்களுக்கு ஆறு மாசம் எந்த லீவும் கிடையாது. வரலேன்னா வேலை போயிடும்."

அடப்பாவிகளா! பெரியக்கா பிரிவுக்குத் திரும்பி, கேட்டதை அப்படியே சொன்னாள். நீலச் சட்டையில் நின்ற முப்பது பேரும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

மருமகள்தான் கேட்டாள். "இதைப் படிச்சுட்டா அத்தை போடச் சொன்னீங்க?"

"படிக்கலடி" என்றாள் பெரியக்கா. அத்தனை பேர் முன்னால் அதை ஒத்துக்கொண்டாள். "சத்தியமா நான் படிக்கவே இல்ல."

மருமகள் வயிற்றைப் பிடித்தபடி மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரம் நான் படுக்கவா, வேலைக்கு வரவா? அதையும் நீங்களே சொல்லிடுங்க அத்தை."