வில்லனின் இடது தோள்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. சினிமா வார இதழ் ஒன்றில் யூகம் எழுதுவது என் பிழைப்பு. அந்த விண்வெளிப் படத்தின் இரண்டாம் பாகத்தில் வில்லன் யார் என்று ஐந்து வாரமாக ஐந்து பேரை நிறுத்திப் பார்த்துவிட்டேன். (நான்காவது வாரம் ஒரு நகைச்சுவை நடிகர். அவரே நம்பிவிட்டார், பாவம்.) ஐந்தும் என் கற்பனை. விடை மட்டும் என் வீட்டு மேசையிலேயே கிடந்தது.

2

ஒரு மழைக்கால மாலையில், ஏகாந்தமாய்...

[வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்கமாட்டேன்.]

அக்கா அந்தப் படத்தின் காஸ்ட்யூமர். வில்லன் முதல் வேற்றுக்கிரகவாசி வரை எல்லாருக்கும் உடை தைப்பவள். அவளுக்கு ஓர் அளவுத்தாள் வந்தது. பெயர் இல்லை, 'வில்லன், உடை மூன்று' என்று மட்டும் இருந்தது. ரகசியமாம். கழுத்து, மார்பு, கைநீளம் என்று படித்துக்கொண்டே வந்தவள் இடது தோளில் நின்றாள். வலதைவிட ஒன்றரை அங்குலம் இறக்கம். பழைய நோட்டைப் புரட்டினாள். முதல் பாகத்து வில்லனுக்கு இறக்கம் அரை அங்குலம்தான். ஆனால் கழுத்தும் முதுகு நீளமும் நூல் பிசகாமல் அதே. பக்கவாதம் வந்து படுத்துவிட்டார், இனி எழமாட்டார் என்று எல்லாரும் (நானும்தான், இரண்டு பத்தி) எழுதி முடித்த மனிதர்.

அக்கா அழுதாள். சந்தோஷத்தில்தான்.

3

ஏன் என்று சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள்.

முதல் பாகத்தில் அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஒரு கிரகத்தைச் சபிக்க வேண்டும். கைகளைத் தொங்கவிட்டு நிற்கவைத்தே அக்கா அளவெடுத்திருந்தாள்; கை தூக்க இடம் விடவில்லை. அவர் தூக்கினார். முதுகு டர்ரென்று கிழிந்தது.

"யாருய்யா தச்சது?" என்று இயக்குநர் கத்தினார்.

"நான்தான் மூச்ச இழுத்துட்டேன். அந்தம்மா மேல தப்பில்ல" என்றார் அவர்.

அக்காவின் வேலை தப்பியது. நன்றி சொல்ல ஓடியபோது அவர் கார் கிளம்பிவிட்டது. ஏழு வருடமாக அந்த நன்றி அவளிடமே கிடக்கிறது.

4

தாளும் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை நான் பார்த்துவிட்டேன். ஆசிரியரைக் கூப்பிடப் போனை எடுத்தேன்.

"எழுதாதடா. இந்த உடையப் போட்டு நின்னு காட்டுனாத்தான் அவருக்கு ஒப்பந்தம். இப்பவே பேரு வெளிய வந்தா, நோயாளிய வச்சு எப்படி எடுப்பீங்கன்னு ஆளாளுக்குக் கிளம்பிடுவாங்க. தயாரிப்பாளர் பயந்துடுவாரு."

"அக்கா, எனக்கு இப்படி ஒரு செய்தி இனிமே கிடைக்காது."

"அவருக்கும் இனிமே ஒரு படம் கிடைக்காது."

[இங்கே என்னை நல்லவனாகக் காட்ட நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன்.] அவள் முறைத்த முறைப்பில்தான் போனை வைத்தேன். அந்த வாரம் ஒரு கதாநாயகியை வில்லனாக்கினேன்.

5

அக்கா இடது தோளுக்குள் மூன்று அடுக்குப் பஞ்சு வைத்தாள். அக்குளில் தாராளமாக இடம் விட்டாள்.

உடையைப் போட்டுப் பார்த்த அன்று நான் அங்கே இல்லை. அதனால் என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் அவருக்கு அவளை நினைவே இல்லை. இன்னொன்றில் அக்கா நன்றி சொல்ல வாயெடுத்து... சே, ஒரே அழுகாச்சி. மூன்றாவதில், ஆள் தெரியாமலிருக்க முகமூடியோடு வந்தவர் கண்ணாடியில் சமமான இரண்டு தோள்களைப் பார்க்கிறார். வலது கையால் இடது கையைத் தாங்கி, இரண்டையும் மெல்ல உயர்த்துகிறார். ஒரு தையல்கூட விடவில்லை.

"இந்தத் தடவ மூச்ச இழுக்கலாமாம்மா?"

"தாராளமா இழுங்க சார்."

எது நடந்தது என்று அக்காவிடம் கேட்டேன். "அளவு சரியா இருந்துச்சு" என்றாள். அன்று முழுக்கப் பாடிக்கொண்டே தைத்தாள். எதை வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவள் இன்னமும் அளவுத்தாள்களை மேசையிலேயே விட்டுப் போகிறாள். அதற்கு நான் அவளுக்கு நன்றியுள்ளவன்.

அடிக்குறிப்பு: முதல் பாகத்தைத் திரும்பப் போட்டு ஒவ்வொருவர் தோளாக உற்றுப் பார்க்கப் போகிறவர்களுக்கு: இறங்கியது தோளே இல்லை, நோயும் வேறு. எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை.