வியாகுலம்மாளின் சர்க்கரையும் அனிஷாவின் பஸ்ஸும்

1
இது நானாக யோசித்த கதை இல்லை. கேட்டு எழுதச்சொன்ன கதை. அடுத்த வீட்டு அனிஷா கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். "அக்கா, உடன்தொடர்பு பத்தி ஒரு கதை எழுதித் தாங்க, கிளாஸ்ல வாசிக்கணும். ரெண்டு விஷயம் சேந்தே ஏறும், சேந்தே இறங்கும். அதுக்காக ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு சொல்லிற முடியாது. அம்புட்டுத்தான்" என்றாள். அம்புட்டுத்தானாம்! எழுத உட்கார்ந்தவளுக்கல்லவா தெரியும்.

2
முதல் தொடக்கம்: "ஆத்தூர் அணையில் தண்ணீர் ஏற ஏற, திண்டுக்கல் கடைகளில் குடை விற்பனையும்..."

சீ, பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஓர் ஊரில் சர்க்கரை வியாதிக்கார அம்மா ஒருத்தி இருந்தாள்." இதில் மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா எங்கள் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார். வியாகுலம்மாள், அனிஷாவைப் பெற்றவர்.

3
அனிஷாவின் அண்ணன் அமலன் சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் அம்மாவுக்கு சுகர் பார்த்துத் தங்கைக்கு போனில் அனுப்புவான். அவள் ஊருக்கு வருகிற சனிக்கிழமைகளில் சுகர் எகிறியிருக்கும். வராத சனிக்கிழமைகளில் இறங்கியிருக்கும். வாத்தியாரம்மா சும்மா இருப்பாளா? கணக்குப் போட்டுவிட்டாள். உடன்தொடர்பு 1 என்ற எண்ணை ஒட்டி வந்து நின்றது.

(ஒன்றை ஒட்டி வந்தால் ரெண்டும் கைகோத்துப் போகின்றன என்று அர்த்தம். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இது பாட்டுக்கு இது, அது பாட்டுக்கு அது. இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். அடியில் போட்டால் நீங்கள் படிக்கவா போகிறீர்கள்?)

"நீ வாரேன்னு சொன்னாலே அம்மாவுக்கு சுகர் ஏறுது பாத்தியா" என்று அமலன் வேறு விளையாட்டாகச் சொல்லித் தொலைத்துவிட்டான்.

அனிஷா எனக்கு போன் செய்தாள். "நான் வாரேன்னு தெரிஞ்சா அம்மா தூங்குறதே இல்லக்கா. அலைச்சல், டென்ஷன். அதுலதான் ஏறுது. கிறிஸ்துமஸ் லீவுக்கு இந்தச் சனிக்கிழமை வரவேண்டியது. வரலேன்னு சொல்லிட்டேன்."

வகுப்பில் எதைச் செய்யாதே என்று சொல்லிக்கொடுக்கிறாளோ அதையே இவள்...

(இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.)

4
சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்குச் சில விஷயம் தெரியும். மகள் வருகிறாள் என்றால் வியாகுலம்மா வியாழக்கிழமை கருப்பட்டிப் பாகு காய்ச்சுவார், வெள்ளிக்கிழமை அதிரசம் சுடுவார். பாகு பதம் வந்ததா என்று பார்க்கக் கிண்ணத்துத் தண்ணீரில் கொஞ்சம் விட்டு உருட்டுவார். அந்த உருண்டையைக் கீழே போட மனசு வருமா? வாய்க்குள் போகும். பதம் என்ன ஒரே தடவையில் வந்துவிடுமா? உருண்டை மேல் உருண்டையாகப் போகும். மறுநாள் எண்ணெயில் பிய்ந்தது, கருகினது எல்லாம் பிள்ளை தட்டில் வைக்கிற மாதிரியா இருக்கும்? அதுவும் அதே வழிதான்.

மறுநாள் அனிஷாவின் பஸ் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டுவதற்கு முன்பே இங்கே சுகர் ஏறி உட்கார்ந்திருக்கும். ஏற்றியது பிள்ளை இல்லை, பாகு.

5
நேரே சுவரோரம் போய் வியாகுலம்மாவைக் கூப்பிட்டு, "நீங்களே அவகிட்ட சொல்லிருங்களேன்" என்றேன்.

பதறிப்போனார். "ஏத்தா, வாயத் தொறந்துராத! தெரிஞ்சா என்னய அடுப்புப் பக்கமே விடமாட்டாங்க. பிள்ள வாரப்ப வெறுந்தட்டையா நீட்டுறது?"

"சொல்லலேன்னா பிள்ளையே வராதேம்மா."

"அவ வராத வாரமெல்லாம் சுகர் நல்லாத்தான் இருக்கு" என்றார். "நல்லா இருந்து, அத வச்சு நான் என்னத்தா பண்ண?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்குமேல் இதை வெறும் உதாரணக் கதையாக எப்படி எழுதுவது?

முடிவு அ: அனிஷா உண்மையைப் படிக்கிறாள், ஓடி வருகிறாள், கருப்பட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைக்கிறாள். (வியாகுலம்மா முகம் விழுந்துவிடும். முடியாது.)

முடிவு ஆ: அனிஷாவே பாகு காய்ச்சுகிறாள், அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அதட்டுகிறார். (பாகு கல்லாகத்தான் போகும். போகட்டுமே!)

முடிவு இ: நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவளும் வராமலே...

வேண்டாம். வியாகுலம்மா, என்னை எம்புட்டு வேணும்னாலும் திட்டிக்கோங்க. எழுதிட்டேன்.

6
அனிஷா, இனி இது உன் கதை. வகுப்பில் வாசிப்பதற்கு முன் நீ தனியாக ஒரு தடவை படி. இன்றைக்குப் புதன்கிழமை. உன் வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டி விரித்து, ஊறவைத்த அதிரச அரிசியை நிழலில் உலர்த்தியிருக்கிறார் உன் அம்மா. நாளைக்குப் பாகு. சனிக்கிழமை நீ இங்கே இருக்கமாட்டாய், ஆனால் அமலன் அனுப்புகிற சுகர் ஏறித்தான் இருக்கும். அதற்கு நீ என்ன கணக்குப் போடுவாய், எந்த பஸ்ஸைப் பிடிப்பாய் என்றெல்லாம் நான் எழுதமாட்டேன்.

"அவதான் வரலேன்னுட்டாளே, யாருக்கும்மா இம்புட்டு அரிசி?" என்று மட்டும் கேட்டேன்.

அரிசியைக் கையால் பரத்திக்கொண்டே சொன்னார்: "வரலேன்னுதான் சொன்னா. வந்துட்டான்னா?"