குழிக்கு மேலே ஒரு கூட்டம்

கடப்பாரையால் நெம்பி இரும்பு மூடியைத் தூக்கும்போதே நாற்றம் முகத்தில் அறைந்தது. கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. ஊர் விழிப்பதற்குள் சாக்கடை அடைப்பை எடுத்துவிட்டு, ஊர் கண்ணில் படாமல் போய்விட வேண்டும். அதுதான் அந்த வேலையின் லட்சணம். நெட்டையன் சட்டையைக் கழற்ற, கயிற்றுக்காரர் அவன் இடுப்பில் முடிச்சுப் போட்டார். மேஸ்திரி வண்டியிலிருந்து பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றினார். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. இந்தச் சாராயம் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. குடித்தால் மூக்கு மரத்துவிடும், இறங்கலாம். குடிக்காமல் தயங்குகிறவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

மூக்கு மரத்துப்போய்த்தான் நெட்டையனின் மைத்துனன் செத்தான். விஷவாயு கிளம்பியதே அவனுக்குத் தெரியவில்லை. "குடிச்சுட்டு இறங்கினான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று கையை விரித்தார் காண்டிராக்டர். ஊற்றிக் கொடுத்ததும் அவர் பாட்டில்தான், குடிகாரன் என்று முத்திரை குத்தியதும் அவர் வாய்தான். இப்படி ஒரு நியாயம் பணம் வைத்திருப்பவனுக்குத்தான் வாய்க்கும்.

நெட்டையனின் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அழுது ஓய்ந்தபின் ஒரே பேச்சாகச் சொன்னாள்.

"என் தம்பியை அந்தக் குழிக்குக் கொடுத்துட்டேன். உங்களையும் கொடுக்க எனக்குத் தெம்பில்ல. குடியை விடுங்க. இல்லன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

"விட்டுடறேம்மா." மனதாரத்தான் சொன்னான்.

அவளே விசாரித்து ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். நூலகத்து மாடியில் குடியை மறக்க நினைப்பவர்கள் கூடும் இடம். வட்டமாக நாற்காலிகள். ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்ல, மற்றவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். நெட்டையனின் முறை வந்தது.

"காலையில வேலைக்காகக் குடிக்கிறேன். சாயங்காலம் அந்த வேலையை மறக்கக் குடிக்கிறேன்."

நடத்துகிறவர் கனிவாகவே சொன்னார். "குடிக்கிற எல்லாருக்கும் ஒரு சாக்கு இருக்கும் தம்பி. வேலையை மாத்திப் பாருங்களேன்."

பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். நெட்டையன் சோப்புத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான். கெட்டவர்கள் இல்லை அவர்கள். ஆனால் அவன் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

"வேலையை மாத்தறது சட்டை மாத்தற மாதிரின்னு நினைச்சுட்டாங்க," என்றான் திரும்பும் வழியில். அவள் சிரித்தாள். தம்பி போனபின் சிரித்த முதல் சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

அடுத்த கூட்டத்தை நடத்தியவர் யார் தெரியுமா? காண்டிராக்டரேதான்! சொந்த மண்டபம், மைக், போட்டோ. தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திக் கையை உயர்த்தி, இனிக் குடிக்க மாட்டோம் என்று சொல்ல வைத்தார். மறுநாள் விடியலில் அதே வண்டி, அதே பாட்டில். நெட்டையன் குடித்தான்.

மாலையில் அவள் மோப்பம் பிடித்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். துணிகளைப் பையில் அடுக்கினாள். பேருந்து நிறுத்தம்வரை பின்னாலேயே ஓடினான்.

"எனக்கேத்த கூட்டம் எங்கயாவது இருக்கும்மா. தேடறேன்."

"கிடைச்சா சொல்லி அனுப்புங்க," என்றாள், முகத்தைப் பார்க்காமல். பேருந்து போய்விட்டது.

விடிந்தது. மேஸ்திரி டம்ளரை நீட்டினார். நெட்டையன் வாங்கவில்லை. குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தான்.

"நான் குடிக்கல. குடிக்காம இதுக்குள்ள இறங்க மனுஷனால முடியாது. ரெண்டும் நிஜம். நான் என்னதான் பண்றது?"

கயிற்றுக்காரர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானும் குடிகாரன்தான்டா. உன் மச்சானை இழுத்துப் போட்ட கை இது. குடிக்கலன்னா தூக்கம் வரமாட்டேங்குது."

கடப்பாரைக்காரன் உட்கார்ந்தான். வாளி தூக்குகிறவர்கள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். சாக்கு என்று யாரும் சொல்லவில்லை. யாரும் மூக்கைப் பொத்தவும் இல்லை.

மேஸ்திரி போன் போட, காண்டிராக்டர் காரில் வந்து இறங்கினார்.

"என்னடா கூத்து இது?"

"கூட்டம்ங்க," என்றார் கயிற்றுக்காரர். "குடியை விடறதுக்கு."

"விட்டுத் தொலைங்களேன்! நானா ஊத்தி விடறேன்?"

"ஆமாங்க," என்றான் நெட்டையன். "நீங்கதான். இனி பாட்டில் வேணாம். அடைப்பெடுக்க மெஷினை வைங்க. மனுஷன் இறங்க மாட்டான்."

"நாளைக்குப் பட்டினி கிடக்கும்போது தெரியும். எனக்கு ஆளா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். சற்று நேரத்தில் ஒரு வேன் நிறையப் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். மேஸ்திரி ஊற்றிக் கொடுத்தார். பலர் மளமளவென்று குடித்தார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் மட்டும் டம்ளரைக் கையில் பிடித்தபடி, உட்கார்ந்திருப்பவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல அருகே வந்தார்.

"இதுல யார் வேணாலும் உக்காரலாமா?"

நெட்டையன் நகர்ந்து இடம் விட்டான். மச்சான் உயிரோடிருந்தால் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருப்பான். அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சொன்னான்.

"உக்காருங்கண்ணே. உங்க கதையைச் சொல்லுங்க."