காலியாக ஒரு பிட்

ஒரு முழு ஏரியை இரண்டு பைட்டுக்குள் அடைத்த முதல் மனிதன் நான்தான். பனியாற்றின் காலடியில் கிடக்கும் எங்கள் ஏரியிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு ரேடியோப் பெட்டி பிஷ்கெக் நகரிலுள்ள எங்கள் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும். செய்திக்கு இரண்டு பைட், அதாவது பதினாறு பிட்தான் இடம். நீர்மட்டத்துக்கு ஏழு, குளிருக்கு ஆறு, பேட்டரிக்கு மூன்று. சொட்டு மிச்சமில்லை.

"கொஞ்சம் காலியா விடு, தாலாய்" என்றார் என் மேலதிகாரி கென்ஜெகுல். அக்கா என்ற பொருளில் அவரை எஜே என்போம்.

"பத்து வருஷத்துல தண்ணி ஒரு மீட்டரைத் தாண்டலை. ஏழு பிட்டுல நூத்தி இருபத்தேழு சென்டிமீட்டர் வரை போகலாம். டீயை அரைக் கிண்ணம் ஊத்துற பழக்கத்தை இங்கயும் கொண்டு வராதீங்க எஜே."

"நிறைய ஊத்தினா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம்டா."

"கிளம்பட்டுமே. பிட் என்ன விருந்தாளியா?"

ஜூலையில் ஒரு வெயில் காலை. திரையில் 119 வந்தது. பிறகு 124. பிறகு 127. அடுத்து 2.

ஏழு பிட் நிரம்பினால் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்கும். அப்படியானால் நீர்மட்டம் 130. இல்லையென்றால் கரை உடைந்து ஏரி காலியாகிவிட்டது. அந்தத் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருக்கிறது. எதுவென்று சொல்ல இன்னும் ஒரே ஒரு பிட் போதும். அதை நான் பேட்டரிக்குக் கொடுத்திருந்தேன்.

பள்ளத்தாக்கில், ஆற்றோரம், என் அண்ணன் எர்மெக்கின் கூடாரம். மனைவி, கைக்குழந்தை, இருநூறு ஆடுகள். பின்னாலுள்ள மேட்டில் ஏறினால்தான் அவனுக்கு போனில் சிக்னல் கிடைக்கும். அடித்தேன். எடுக்கவில்லை. அப்படியென்றால் கீழேதான் இருக்கிறான்.

எஜே பேரிடர் அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

"உடைஞ்சிருச்சா, இல்லையா?" என்றது மறுமுனை.

"ரெண்டுல ஒண்ணு."

"இது ஒரு பதிலாம்மா?"

"எங்க பையன் கண்டுபிடிச்ச பதில். கிராமத்துலேர்ந்து குதிரையில ஆள் அனுப்புங்க."

அடுத்த செய்திக்குப் பத்து நிமிடம். என் டீ ஆறி ஆடை கட்டியது. மனத்துக்குள் அந்தக் குழந்தையின் தொட்டில் மட்டும் மிதந்துகொண்டே இருந்தது.

5.

ஏறுகிறது. ஏரி இருக்கிறது. ஆனால் கரையின் உயரம் 150. என் திரையில் அது 22. பிறகு 9 வந்தது. 14 வந்தது. 17 வந்தபோது போன் அடித்தது.

"என்னடா, ஒருத்தன் குதிரையில வந்து தொண்டை கிழியக் கத்துறான்" என்றான் எர்மெக். மூச்சு வாங்கியது. "எல்லாரையும் மேட்டுக்கு ஏத்திட்டேன். கிடா ஒண்ணுதான் வரமாட்டேங்குது, உன்னை மாதிரி. தண்ணி எவ்வளவுடா?"

"நூத்தி நாப்பத்தஞ்சு, பைகே" என்றேன் அண்ணனிடம்.

"நிச்சயமா?"

"மேட்டை விட்டு மட்டும் இறங்காதீங்க" என்றேன்.

19-இல் நின்று, மாலையில் மெல்ல இறங்கத் தொடங்கியது. எஜே அரைக் கிண்ணம் டீ ஊற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, சன்னலோரம் போனார். நான் நிரலைத் திறந்தேன். பேட்டரியிடமிருந்து ஒரு பிட்டைப் பிடுங்கி நீருக்குக் கொடுத்தேன். குளிரிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்கி, யாருக்கும் கொடுக்கவில்லை.