அந்தோனியாரின் கைலேஞ்சி

அந்தோனியாரிடம் எதைக் கேட்கவும் றஞ்சிதத்துக்கு வாய் கூசாது. செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவாள். புனிதரின் சுரூபத்தை மூடிய கண்ணாடியில் வெள்ளைக் கைலேஞ்சித் துணியை ஒற்றி எடுத்துக்கொண்டு, அப்படியே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவாள். சீனி வருத்தத்தில் கால் அழுகிக் கிடந்த புருஷன் ஹியூபேட்டின் புண்ணை அதால் ஒற்றி ஒற்றித் துடைப்பாள். கொட்டாஞ்சேனையில் யார்தான் செய்யாதது!

பக்கத்துக் கட்டிலில் கிராண்ட்பாஸ் பக்கத்துப் பொடியன் தயாபரன், மோட்டார் சைக்கிளில் விழுந்து, தொடையில் ஒப்பரேஷன் தையலோடு கிடந்தான். அவன் அம்மா மயிலம்மா, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொழும்பில் வீட்டுவேலை செய்கிறவள், ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, நாங்க சைவந்தான். இருந்தாலும் சாமி சாமிதானே. எம் புள்ளைக்கும் கொஞ்சம் தடவி விடுறீங்களா?"

"இதென்ன கேள்வி பிள்ளை! அந்தோனியார் ஆள் பாத்தே குடுக்கிறவர்?"

அதே கைலேஞ்சியால் தையலைத் தடவிவிட்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும்தான்.

அடுத்த கிழமை ஹியூபேட்டைத் தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டொக்டர் நிருஷா றஞ்சிதத்தை வாசலிலேயே மறித்தாள்.

"அம்மா, புண்ணில இருக்கிற கிருமியை லேப்பில பாத்தம். எங்களிட்ட இருக்கிற ஒரு அன்டிபயோட்டிக்கும் அதுக்கு வேலை செய்யேல்லை. கையால, துணியால மற்றவைக்கும் தொத்தும். நீங்கள் வேற ஆரையும் தொட்டனீங்களே?"

றஞ்சிதம் கைலேஞ்சியைக் கைப்பைக்குள் திணித்தாள். "இல்லை டொக்டர்," என்றாள். பாழாய்ப்போன வாய்! புனிதரிடம் திறந்தது இங்கே திறக்கவில்லை.

அந்தக் கிழமை முடியுமுன்பே ஹியூபேட் கண்ணை மூடினார். அடக்கம் முடிந்து, விட்டுப்போன சாமான்களை எடுக்க வந்தவள் விறைத்து நின்றாள். அதே தனி அறையில், அதே கட்டிலில் தயாபரன். தையல் விட்டுச் சீழ் வைத்து, காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"அதே கிருமிதான்," என்று டொக்டர் நிருஷா நேர்ஸிடம் சொல்வது கேட்டது. "முந்தியே தெரிஞ்சிருந்தா புண்ணைத் திறந்து கழுவியாவது பாத்திருக்கலாம். இனி ரத்தத்தில கலந்திட்டுது."

மயிலம்மா ஓடிவந்து றஞ்சிதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு போனத கேட்டு நானும் அழுதேன். நீங்க வராம இருந்ததுனாலதான் எம் புள்ளைக்கு இப்புடி ஆயிருச்சு. அந்த லேஞ்சிய கொண்டாந்தீங்களா?"

இப்போதாவது சொல்லு, சொல்லு என்று நெஞ்சு அடித்தது. கைலேஞ்சி கைப்பைக்குள்தான் இருந்தது.

"மறந்துபோனன், பிள்ளை."

"பரவால்லக்கா," மயிலம்மா கண்ணைத் துடைத்தாள். "செவ்வாக்கெழம கொண்டாங்க. அதுவரைக்கும் எப்புடியாவது தாங்குவான்."