ஃபில்டரை எரிக்க ஓர் இடம்

பழைய லாரியை நசுக்கியபோது டிரைவர் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தார். சங்கிலி மாட்டித் தூக்கி வைத்தார்கள். மேலிருந்து இரும்புப் பலகை இறங்கியது. கை பட்டுப் பட்டு வழுவழுத்துப்போன கியர் கம்பியும், பின்பக்கத்தின் அளவுக்குக் குழி விழுந்திருந்த இருக்கையும் ஒரே தகட்டுக்குள் போயின.

"மூத்த தாரம் போய்ச் சேந்துட்டா. இனிமே இளையவளோடதான் குடித்தனம் மாமா" என்றான் மச்சினன். சிரிக்க வைக்கத்தான் சொன்னான்.

"இளையவ ஆக்கிப் போடுவாளா, நம்மள ஆக்க வைப்பாளான்னு பாக்கணும்" என்றார் டிரைவர்.

வயதான டீசல் வண்டிகள் இனி நகரத்துக்குள் நுழையக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. இவர்களுக்குச் சரக்கு நகரத்துக்குள்தான். அட்டைப் பெட்டிக் கழிவை அள்ளிக்கொண்டு போய்க் காகித ஆலையில் கொட்டுகிற வேலை. மூத்தவள் புகை விட்டால் பின்னால் வருகிறவன் விளக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அதை டிரைவரே ஒத்துக்கொள்வார். ஆகவே அவளைக் கழித்துக் கிடைத்ததையும், கடனையும் போட்டு, மச்சினன் பேரில் புது வண்டி எடுத்தார்கள். டிரைவர் வீடு, மச்சினன் வீடு, இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரே வண்டியை நம்பி எரிந்தன. ஓட்டுவது டிரைவர். ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரியாது, வேறு எதற்கும் உடம்பும் லாயக்கில்லை. ஒரு காது மந்தம். முழங்கால் படியேறினால் கத்தும். கிளச்சை மிதிக்கும்போது மட்டும் கத்தாது.

புதியவளுக்கு ஏகப்பட்ட நாசூக்கு. டீசல் போக, யூரியா கரைத்த தண்ணீர் தனியாக ஒரு தொட்டியில் ஊற்ற வேண்டும்.

"வண்டிக்கு மூத்திரம் ஊத்துற காலம் வந்துருச்சு" என்றான் பக்கத்து ஷெட்டு டிரைவர். "நம்மளுதே ஊத்தினா ஆகாதா?"

"உன்னுது ஊத்தினா வண்டி தள்ளாடும்டா. என்ன குடிக்கிறேன்னு ஊருக்கே தெரியும்."

பிறகு ஃபில்டர். கேபினுக்குப் பின்னால், வயிற்றுக்கு அடியில், பால்கேன் பருமனில் ஓர் உருளை. புகையில் வருகிற கரியையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்துவிட்டால் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். எஞ்சின் தானாகவே உறுமி, ஃபில்டரைச் சூளை மாதிரி காய்ச்சி, கரியை உள்ளேயே எரித்துவிடும். அரை மணி ஆகும். வண்டி வாங்கிய இடத்தில் மச்சினன் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னான்.

"எரியிறப்ப அடியில கொதிக்கும் மாமா. வெறுந்தரையில நிறுத்திட்டு அமுக்குங்க. பக்கத்துல ஆள் நிக்கக் கூடாது."

"நான் என்ன பச்சப் புள்ளையா? சரி."

டிரைவருக்கு ஃபில்டர் மேல் கோபம் இல்லை. டீசல் மேல்தான் சந்தேகம். சட்டம் டீசலையும் மாற்றிவிட்டது, கந்தகத்தை எடுத்துவிட்டார்களாம். முதல் தடவை நிரப்பியபோது குழாய் முனையில் நின்ற சொட்டை விரலில் வாங்கித் தேய்த்துப் பார்த்தார். விரல் வழுக்கவில்லை. வறண்ட டீசல். இதைக் குடித்தால் பம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? பழைய ஆட்கள் எல்லாருக்கும் இதே பேச்சு, இதற்கு எல்லாரும் செய்கிற வைத்தியமும் ஒன்றுதான். ஷெட்டில் வண்டிகளிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலை வடிகட்டி, டீசல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கேன் டாங்கில் ஊற்றிவிடுவது. மூத்தவள் அதைக் குடித்துத்தான் அத்தனை வருஷம் ஓடினாள். இளையவளுக்கும் ஊற்றினார். மச்சினனிடம் சொல்லவில்லை. குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவன் குழந்தையின் மாமனிடம் கேட்டுக்கொண்டா கொடுப்பான்?

ஊற்றிய பிறகு எஞ்சின் சத்தம் இறங்கியது போலிருந்தது. நல்ல காதைத் திருப்பி வைத்துக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. பொத்தானை அமுக்கினார், அணைந்தது. மறுபடி எரிந்தது. மாதத்துக்கு ஒரு தடவை என்று சொன்னது, வாரம் ஒரு தடவை ஆனது, அப்புறம் இடைவெளி அதற்கும் குறைந்தது. ஒரு நாள் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போதே எரிந்தது. உள்ளே அதைச் செய்ய விட மாட்டார்கள். வரிசையை விட்டு வெளியே வந்ததில் முறை போய், சரக்கு மறுநாள்தான் இறங்கியது.

மச்சினன் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனான். டிரைவரும் போனார். அங்கே மெக்கானிக், முகத்தில் மீசைகூடச் சரியாக அரும்பாத ஆள், ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

"டீசல்ல எதாவது கலக்குறீங்களா?"

"இல்லையே" என்றான் மச்சினன்.

"ஆயில் கலந்தா இப்படித்தான் இருக்கும். கரி எரிஞ்சு போயிரும். ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது, உள்ளயே உக்காந்துக்கும். எடம் அடைஞ்சு போச்சுன்னா சும்மா சும்மா விளக்கு எரியும். முடிஞ்ச மட்டும் ஊதி விடுறேன். அடுத்த தடவ ஃபில்டரையே மாத்தணும். கம்பெனி வாரண்டியில தராது, காசு கொடுத்துத்தான் வாங்கணும்."

மச்சினன் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் சுவரில் மாட்டியிருந்த டயர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் வந்துதான் வெடித்தது. அக்கா இருக்கட்டும் என்றே மச்சினன் காத்திருந்த மாதிரி இருந்தது.

"மாமா, நான் உங்கள ஒண்ணும் கேக்கல. நீங்களும் சொல்ல வேண்டாம். ஆனா இன்னொரு தடவ விளக்கு எரிஞ்சு வண்டி நின்னுச்சுன்னா வேற ஆள் போட்டுக்குவோம். நீங்க ஷெட்டுல உக்காந்து வர்றது போறத பாத்துக்கங்க."

"ஷெட்டுல உக்காந்து என்னத்தப் பாக்குறது? ஈயா?"

"டிரைவர் பாடு ஈ ஓட்டுறதுதான்னு ஆயிருச்சே இந்தக் காலத்துல."

"யார்கிட்டப் பேசுற நீ? உனக்கு மூக்கு ஒழுகுன காலத்துல என் மடியில உக்காந்து ஹாரன் அடிச்ச பய."

"அதுக்குத்தான் நீங்கன்னு பேசுறேன். இல்லாட்டி வேற மாதிரி பேசியிருப்பேன்."

டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தம்பியை அதட்டுவாள் என்று நினைத்தார். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கழுவினாள்.

மெக்கானிக் சொன்னதை டிரைவர் பாதி நம்பினார். அதனால் ஆயிலையும் பாதியாகக் குறைத்தார். முழுக்க நிறுத்த மனசு வரவில்லை. நிறுத்தினால் இத்தனை நாள் ஊற்றியது தப்பு என்று ஆகிவிடும். பம்பு பிடித்துக்கொண்டால் அதுவும் தன் தலையில்தான் விழும். விளக்கு மட்டும் அவருடைய கணக்குக்கு ஒத்துழைக்கவில்லை. ஒரு வாரத்திலேயே எரிந்தது.

மச்சினனுக்குப் போன் செய்யவில்லை. ஆலைக்குப் போகிற வழியில் மூடிப்போன கல்குவாரி ஒன்று இருந்தது. தரை பாறை. யாரும் வருவதில்லை. வண்டியைக் குவாரிக்குள் இறக்கி, பொத்தானை அமுக்கிவிட்டு, கல் மேல் உட்கார்ந்து இளையவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எரிந்து முடிந்ததும் ஆலைக்குப் போய், வழியில் நெரிசல் என்றார். அடுத்த தடவை டயர் பஞ்சர் என்றார். அதற்கடுத்த தடவை எதுவும் சொல்லவில்லை, மச்சினனும் கேட்கவில்லை.

அன்றைக்குக் கேபின் அளவுக்கு மேலேயும் அட்டைக் கழிவை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. நகரத்தைத் தாண்டும் முன்பே விளக்கு எரிந்தது. குவாரி திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தவர் உள்ளே ஒரு லாரி நிற்பதைப் பார்த்தார். பக்கத்து ஷெட்டு வண்டி. அதன் டிரைவர் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் அவன் வாய் ஓட்டை டாங்க். சாயங்காலத்துக்குள் மச்சினன் காதில் சொட்டிவிடும்.

டிரைவர் கையை ஆட்டிவிட்டு நேரே போனார்.

விளக்கு இப்போது அணைந்து அணைந்து எரிந்தது. மேட்டில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி ஏறத் தயங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டால் சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்தால் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்தால்தான் நகரும். வலதுபுறம் வைக்கோல் கட்டு அடுக்கி வைக்கிற கிடங்கு. அதன் பின்சுவரை ஒட்டி ஒரு தடம் உள்ளே போனது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. திருப்பினார்.

இறங்கிப் பார்த்தார். தரையில் புல். கணுக்கால் உயரம்கூட இல்லை. காய்ந்து வெளுத்துக் கிடந்தது. காலால் சீய்த்துப் பார்த்தார். வேரோடு பெயர்ந்து வரவில்லை. மண்ணாக இருக்கிற இடம் தேடி நாலு எட்டு நடந்தார். தூரத்தில் ஆலையின் சங்கு ஊதியது. இறக்குகிற ஆட்கள் மாறும் நேரம். தவறினால் வரிசை போய்விடும், போன் வரும். அரை மணி நேரம்தானே, கிட்டவே நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிப் பொத்தானை அமுக்கினார்.

முதலில் வாசனைதான் வந்தது. ஃபில்டர் எரியும்போது வருகிற வாசனை அவருக்குப் பழக்கம். இது வேறு. குனிந்து பார்த்தபோது உருளைக்குக் கீழே புல் சிவந்து, வட்டமாக விரிந்துகொண்டிருந்தது. செருப்புக் காலால் மிதித்தார். ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் ஓடியது. தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துச் சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். ஓங்கி அடித்ததில் சாக்கு கையைவிட்டுப் போனது. விழப் போனவர் இரண்டு கையாலும் எதையோ பிடித்தார். பிடித்தது ஃபில்டரை.

கத்தினாரா என்பது அவருக்கு நினைவில்லை. உள்ளங்கைத் தோல் உருளையிலேயே தங்கிவிட்டது.

வண்டியை நெருப்பின் மேலிருந்து நகர்த்திவிட்டால் போதும் என்று அதற்குப் பிறகும் தோன்றியது. முழங்கையைக் கொக்கி போட்டுக் கேபினுக்குள் ஏறினார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையின் ஓரத்தால் பிரேக் பிடியைத் தள்ளி, கியர் போட்டு மிதித்தார். வண்டி முறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. காற்று அழுத்தம் காட்டும் முள் கீழே விழுந்து கிடந்தது. அடியில் காற்றுக் குழாய் உருகிவிட்டது. காற்று போனால் பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும். லாரி ஓட்டத் தொடங்கிய முதல் நாளே படிக்கிற பாடம். ஆனாலும் இன்னொரு தடவை மிதித்தார். இன்னொரு தடவை. கிடங்கு ஆட்கள் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தபோது அவர் மணிக்கட்டு இரண்டையும் ஸ்டியரிங்கில் மாட்டி வைத்திருந்தார்.

அட்டை எரிந்தது. தார்ப்பாய் எரிந்தது. டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. நகரத்துக்குள் விடாதே என்று சட்டம் போட்ட அத்தனை புகையையும் இளையவள் ஒரே மூச்சில் விட்டாள். தீயணைப்பு வண்டி வந்து கிடங்கைக் காப்பாற்றியது. லாரியில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் மத்தியானம்தான் மச்சினன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். சட்டையில் கரி. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, மாமாவின் கைகளைப் பார்த்தான். முழங்கை வரை வெள்ளைத் துணி.

"வலிக்குதா?"

"ஊசி போட்டிருக்காங்க."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"விரல் மடங்காதாம். ஸ்பூன் பிடிக்கலாமாம், போகப் போக." டிரைவர் கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். "ஆயில் ஊத்துனேன்டா. டாங்குல. வாங்குன நாள்லேர்ந்து."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஒர்க்‌ஷாப்புலேர்ந்து. நீங்க டயர் படத்தப் பாத்தீங்களே, அப்பவே."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

டிரைவர் துணி சுற்றிய கைகளைப் போர்வைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"விளக்கு எரியுதுன்னு ஒரு போன் போட்டிருக்கலாம் மாமா. ஒரே ஒரு போன்."

"போட்டிருந்தா இறக்கி விட்டிருப்ப."

"ஆமா" என்றான் மச்சினன். "இறக்கித்தான் விட்டிருப்பேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். டிரைவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மனைவி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. மச்சினன் எழுந்தான்.

"எங்க போற?"

"பக்கத்து ஷெட்டுல ஏத்து இறக்குக்கு ஆள் கேட்டாங்க. சாயங்கால லோடு."

"நீயா? மூட்டை தூக்குவியா? முதுகு தாங்குமாடா?"

"தூக்குனாத்தான் தெரியும்."

அவன் போய்விட்டான். டிரைவரின் கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. துடைக்கத் தூக்கிய கை துணி உருண்டையாக முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. மனைவி தலைப்பால் அவர் முகத்தை அழுத்தித் துடைத்தாள், சமையலறை மேடையைத் துடைப்பது போல. பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வார்டு மூடும்வரை எழுந்திருக்கவில்லை.