மசாஜுக்குப் பிறகு எடுத்த அளவு

என் சலூனில் மூன்று நாற்காலிகள், இரண்டு கண்ணாடிகள், ஒரு பிரஷர் மெஷின். மெஷின் வந்து ஐந்து மாதம் ஆகிறது.

எங்கள் பகுதியில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒருநாள் கூலியை மறந்துவிட வேண்டும். அதனால் யாரும் போவதில்லை. ஆனால் தலைமுடி வளராமல் இருக்குமா? மாதம் ஒருமுறை எல்லோரும் என்னிடம் வந்துதான் தீர வேண்டும். இதைக் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரியிலிருந்து வரும் சிஸ்டர். குடியிருப்போர் சங்கத்தில் பேசினார். பக்கத்துக் கிடங்கு கம்பெனியில் பேசினார். கம்பெனி மெஷினும் மாத்திரைச் செலவும் கொடுத்தது. சங்கம் ஆட்களை அனுப்பியது. எனக்கு இரண்டு நாள் பயிற்சி.

விதி எளிதுதான். வந்தவரை ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். கத்தரியைத் தொடுவதற்கு முன் பிரஷர் பார்க்க வேண்டும். வருகிற எண்ணை அப்படியே எழுத வேண்டும். நூற்று நாற்பதுக்குள் இருந்தால் பச்சை அட்டை. அதிகமென்றால் சிவப்பு அட்டை, உடனே சிஸ்டருக்கு போன்.

முதல் வாரமே டைல்ஸ் பதிக்கிறவர் ஒருவர் தன் எண்ணைப் பார்த்துவிட்டு, "யோவ், முடிவெட்ட வந்தவனுக்கு நாள் குறிக்கிறியா?" என்று எழுந்து போய்விட்டார். திரும்ப வரவேயில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

சிவப்பு அட்டை கொடுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார். என்ன செய்தேன் தெரியுமா? தொழிலில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முதலில் தலைக்கு ஒரு மசாஜ். கழுத்து, தோள், நெற்றிப்பொட்டு. ஆள் கண்ணை மூடி அரைத்தூக்கத்தில் இருக்கும்போது கையில் மெஷின் பட்டையைச் சுற்றினேன். எண் இறங்கியது. இறங்காவிட்டால் இன்னும் பத்து நிமிஷம் பிடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். எல்லோருக்கும் பச்சை. எல்லோரும் சந்தோஷம்.

சங்கக் கூட்டத்தில் சிஸ்டர் என்னைக் காட்டி, "இவர் கடையில வர்ற அளவெல்லாம் ஆச்சரியமா நல்லா இருக்கு" என்றார். கை தட்டினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மச்சான் வந்தது போன மாதம். என் அக்கா புருஷன். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அன்று கடையில் வேறு யாரும் இல்லை. அவர் மசாஜுக்குக் காத்திராமல் கையை நீட்டிவிட்டார். நூற்று எண்பத்திரண்டு.

"மாப்ளே, இதை எழுதிடாதே. சிவப்பு அட்டைன்னா வண்டியை விட்டு இறக்கிடுவானுங்க."

"வேலை போகாது, சம்பளத்தோட வேற வேலை தருவோம்னு மேனேஜர் சொன்னாரே மச்சான்?"

"சொல்லுவான். நீ நம்பு. உங்க அக்காகிட்ட நான் என்ன பதில் சொல்றது? பிடி தலையை. உன் கையிலதான் மந்திரம் இருக்குன்னு ஊரே சொல்லுதே."

சிரித்தேன். அரைமணி நேரம் பிடித்துவிட்டேன். நூற்று நாற்பத்தாறு வந்தது. நிரம்ப நல்ல எண் இல்லைதான். நூற்று முப்பத்தாறு என்று எழுதிப் பச்சை அட்டை கொடுத்தேன்.

பதினோராம் நாள் காலை பல் துலக்கும்போது மச்சான் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. இடது கையும் காலும் அசையவில்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு நாளா தலைவலின்னாருடா. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னேன். அட்டையை எடுத்துக் காட்டினாரு. உன் தம்பியே பச்சை குடுத்துட்டான், நீ என்னடி பெரிய டாக்டரான்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன். தப்பு பண்ணிட்டேனாடா?"

"இல்லக்கா" என்றேன்.

சிஸ்டர் வந்தார். கையில் அந்த அட்டை. "டாக்டர் கேக்கறாரு. முன்னாடி பிரஷரே இல்லாத ஆளுக்கு எப்படி இவ்வளவு பெரிய கசிவுன்னு. வேற எதாவது காரணமான்னு தேடிட்டு இருக்காங்க."

வேறு காரணம் தேடுகிறார்கள். காரணம் இதோ அவர்கள் எதிரில் செருப்புக் காலோடு நிற்கிறது.

"சிஸ்டர், அது பொய். நூத்தி எம்பத்திரண்டு இருந்துச்சு."

முழுதும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

சிஸ்டர் திட்டவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. "இப்படி இன்னும் எத்தனை பேருக்கு?"

"அறுபத்திமூணு."

அவர் உள்ளே ஓடிப்போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். "எல்லாரோட நம்பரும் உங்ககிட்ட இருக்கா? இப்பவே போன் போடுங்க. 'நான் எழுதினது தப்பு'ன்னு உங்க வாயால சொல்லுங்க. நாளைக்கு நானே கடைக்கு வந்து பார்க்கறேன். கம்பெனிகிட்டயும் நான் பேசணும். இதைச் சாக்கா வெச்சு நிறுத்திடுவாங்களோன்னுதான் பயமா இருக்கு."

வராண்டா மூலையில் நின்று போன் செய்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரு பெண், "எங்க வீட்டுக்காரரு உங்க அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்காருங்க" என்றாள். திட்டு எவ்வளவோ தேவலாம் என்றிருந்தது. இடையில் சிஸ்டர் மேனேஜரோடு பேசுவது காதில் விழுந்தது. பிரஷர் மாத்திரை சாப்பிடுவதால் வண்டியை விட்டு இறக்கப்பட்ட இரண்டு டிரைவர்கள் அதே சம்பளத்தில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார்களாம். மேனேஜர் சொன்ன வாக்கு நிஜம். அதை ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். நான் தலையைப் பிடித்துவிட்டேன்.

நாற்பத்தொன்பதாவது போனை முடித்தபோது அக்கா எதிரில் நின்றாள்.

"கண்ணு முழிச்சிட்டாரு. உன்னைத்தான் கேக்கறாரு. நான் ஒண்ணும் சொல்லலை."

"நான் சொல்றேன்க்கா."

"கேளு. அந்த மனுஷன் எல்லாத்தையும் தன் தலையிலதான் போட்டுக்குவாரு. அப்பாடான்னு அதை வாங்கிக்கிட்டு வெளியே வந்தேன்னா, என் வாசப்படி ஏறாதே."

உள்ளே போனேன். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. சொற்கள் குழறி வந்தன.

"மாப்ளே... நான்தானே... கேட்டேன்."

எவ்வளவு சுலபமாக இருந்தது! தலையை ஆட்டிவிட்டால் போதும்.

"கேட்டது நீங்க மச்சான். எழுதினது நான். உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினேன். மந்திரமும் இல்ல, மண்ணும் இல்ல."

அவர் என்னையே பார்த்தார். நல்ல கையால் போர்வையை இழுத்துக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினார்.

நான் வெளியே வந்தேன். இன்னும் பதினான்கு பேர் பாக்கி. ஐம்பதாவது எண்ணை அழுத்தினேன்.